அண்ணனின் பொட்டாசியம் எங்கே போனது

ரத்தப் புற்றுநோய் என்று எழுதிக் கொடுத்துவிட்டால் வீட்டில் எல்லோருடைய கண்ணும் இரண்டு எண்களில் போய் உட்கார்ந்துகொள்கிறது. வெள்ளணு எவ்வளவு, தட்டணு (பிளேட்லெட்) எவ்வளவு. வேலூரில் மருத்துவமனையைச் சுற்றியுள்ள விடுதிகளில் தங்கியிருப்பவர்கள், தமிழ் பேசினாலும் வங்காளம் பேசினாலும், மாலையில் மாடிப்படியில் நின்று விசாரித்துக்கொள்வது இதைத்தான். சிறுநீர் எவ்வளவு போனது என்று யாரும் கேட்பதில்லை. என் அண்ணனுக்கு நோய் வந்த காலத்தில் எங்கள் வீட்டில் அதிகம் பேசப்பட்டது சிறுநீர்தான். ரத்தத்தைப் பற்றிய கவலையை மருத்துவர்கள் பார்த்துக்கொண்டார்கள். சிறுநீரகத்தைப் பார்த்துக்கொள்வதில் பாதி வேலை உடனிருந்தவர்களுக்கு வந்து சேர்ந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் உயிரியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். வேலூர் சத்துவாச்சாரியில் குடியிருக்கிறேன். அண்ணனுக்கு ஆரணியில் அரிசி ஆலை. ஆரணி இப்போது திருவண்ணாமலை மாவட்டம், ராணிப்பேட்டை 2019இல் தனி மாவட்டம் ஆகிவிட்டது. ஆனாலும் எங்கள் தலைமுறைக்கு இவை எல்லாமே வட ஆற்காடுதான். நோய் என்றால் வேலூருக்கு வண்டி ஏறுவதும் அந்தக் காலத்துப் பழக்கம்தான்.

அவருக்கு முதலில் வந்தது ஈறு வீக்கம். பல்லை மூடிக்கொண்டு ஈறு வளர்ந்து வந்தது. தொட்டால் ரத்தம். கூடவே காலில் பலம் இல்லை. ஆலையில் நாலு படி ஏறித்தான் கணக்கு அறைக்குப் போக வேண்டும், அந்த நாலு படிக்குக் கைப்பிடி தேட ஆரம்பித்தார். ஆரணியில் அவர் போய்ப் பார்த்த பல் மருத்துவர் ஈறைக் கிளறவில்லை, சுத்தம் செய்கிறேன் என்றும் சொல்லவில்லை. ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். அந்த மனிதருக்கு எங்கள் குடும்பமே கடன்பட்டிருக்கிறது. வெள்ளணு லட்சத்தைத் தாண்டியிருந்தது. பொட்டாசியம் 2.1 என்று வந்தது. இருக்க வேண்டியது 3.5இலிருந்து 5 வரை.

வேலூருக்கு வந்து சேர்ந்ததும் மீண்டும் ரத்தம் எடுத்தார்கள். இந்த முறை பொட்டாசியம் 2.8. ஒரே நாளில் மருந்தில்லாமல் எப்படி ஏறியது என்று அண்ணி கேட்டார். நல்ல கேள்வி. பயிற்சியில் இருந்த ஒரு இளம் மருத்துவர் பொறுமையாகப் பதில் சொன்னார். வெள்ளணுக்கள் இவ்வளவு பெருகியிருப்பவர்களின் ரத்தத்தைக் குழாயில் அடைத்த பிறகும் அந்த அணுக்கள் உயிரோடுதான் இருக்கின்றன. மாதிரி வெகுநேரம் வெப்பத்தில் கிடந்தால் அவை சுற்றியுள்ள பொட்டாசியத்தைத் தமக்குள் இழுத்துக்கொள்கின்றன. சோதிக்கும்போது அளவு உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும். முதல் மாதிரி ஆரணியில் எடுக்கப்பட்டு, சித்திரை வெயிலில் ஒரு பையனின் இருசக்கர வண்டிப் பெட்டியில் ஊர் சுற்றிவிட்டுத்தான் ஆய்வகத்துக்குப் போயிருந்தது. வேலூர்ப் பக்கத்து வெயிலைப் பற்றி வெளியூர்க்காரர்கள் செய்யும் கேலி எங்களுக்குப் பழகிப்போன ஒன்று. ஆனால் அது ரத்த அறிக்கையிலும் புகுந்து விளையாடும் என்பது எனக்கே புதிய பாடம். வேறு சில வகை ரத்தப் புற்றுநோய்களில் அணுக்கள் எளிதில் நொறுங்கக்கூடியவை. அவை குழாய்க்குள் உடைந்து பொட்டாசியத்தைக் கூடுதலாகவும் காட்டிவிடும். ஆகவே வெள்ளணு மிக அதிகமாக இருக்கும்போது, சோதிக்கும் இடத்திலேயே ரத்தம் கொடுப்பது நல்லது. எண் விசித்திரமாக வந்தால் மறுபடி எடுத்துப் பார்க்கச் சொல்லிக் கேட்பதிலும் தவறில்லை.

சரி, வெயிலின் பங்கைக் கழித்துவிட்டாலும் 2.8 குறைவுதான். "வாந்தி இல்லை, வயிற்றுப்போக்கு இல்லை, சாப்பாடும் ஓரளவு இறங்குகிறது. பின்னே எந்த வழியாகப் போகிறது?" என்று அண்ணன் கேட்டார். வியாபாரிக்கு இருப்புக் கணக்கு உதைத்தால் தூக்கம் வராது. சிறுநீரில் பொட்டாசியம் எவ்வளவு என்று பார்த்தார்கள். உடலில் குறைவாக இருக்கும்போது சிறுநீரகம் அதை இறுக்கிப் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். அவருடைய சிறுநீரில் தாராளமாகப் போய்க்கொண்டிருந்தது. கூடவே இன்னும் இரண்டு குறிப்புகள் இருந்தன. ரத்தத்தில் சர்க்கரை சரியாக இருக்கிறது, சிறுநீரில் சர்க்கரை இருக்கிறது. குச்சியை நனைத்துப் பார்க்கும் சோதனையில் புரதம் பெயரளவுக்குத்தான் தெரிகிறது, அதே சிறுநீரில் சல்ஃபோசாலிசிலிக் அமிலத்தைச் சேர்த்தால் கலங்கி வெளுத்துவிடுகிறது. இந்த இரண்டாவது விஷயம் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. அந்தக் குச்சி பெரும்பாலும் ஆல்புமின் என்ற ஒரு புரதத்துக்குத்தான் நிறம் மாறும். அமிலம் எந்தப் புரதத்தையும் விட்டுவைக்காது. அப்படியானால் ஆல்புமின் அல்லாத ஏதோ ஒரு புரதம் சிறுநீரில் கொட்டிக்கொண்டிருக்கிறது.

அண்ணனுக்கு வந்திருந்தது அக்யூட் மைலாய்டு லூக்கீமியா என்ற, வேகமாகப் பெருகும் ரத்தப் புற்றுநோயில் மோனோசைட் வகை. மோனோசைட் என்பது கிருமிகளை விழுங்கும் வெள்ளணு. அது தயாரிக்கும் பொருள்களில் ஒன்று லைசோசைம் என்ற நொதி. பள்ளியில் எத்தனையோ ஆண்டுகள் இதை நான் நடத்தியிருக்கிறேன். கண்ணீரிலும் எச்சிலிலும் முட்டை வெள்ளையிலும் இருக்கிறது, பாக்டீரியாவின் சுவரைக் கரைக்கிறது, 1922இல் அலெக்ஸாண்டர் ஃபிளெமிங் அறிவித்தார், பென்சிலினுக்கு முன்பே அவர் கண்டது இது. மதிப்பெண் இரண்டு. அத்தோடு அடுத்த பாடம். அதே நொதி அளவு மீறினால் சிறுநீரகத்துக்கு என்ன செய்யும் என்பது எந்தப் பள்ளிப் புத்தகத்திலும் இல்லை. மோனோசைட் வகை ரத்தப் புற்றுநோய் உள்ளவர்களின் ரத்தத்திலும் சிறுநீரிலும் லைசோசைம் மிகுந்திருப்பதை ஆஸர்மன், லாலர் என்ற இருவர் 1966இல் விரிவாக எழுதினார்கள். நான் பிறப்பதற்குச் சற்று முன்பின்னான காலம். இத்தனை ஆண்டு கழித்து அது எங்கள் வீட்டுப் பிரச்சினையாக வந்து நின்றது.

அண்ணனுக்கு விளங்கும்படி இதைச் சொல்வது என் பொறுப்பாயிற்று. அவருக்குத் தெரிந்த பொருளை வைத்தே சொன்னேன். ஆலையில் சல்லடை என்ன செய்கிறது? நொய் கீழே விழுகிறது, முழு அரிசி மேலே நிற்கிறது. சிறுநீரகத்தின் வடிகட்டியும் முதலில் பார்ப்பது அளவைத்தான். ஆல்புமினின் எடை ஏறக்குறைய 66,000 டால்டன் (மூலக்கூறின் எடையைச் சொல்லும் அலகு). அது பெரும்பாலும் மேலேயே நின்றுவிடும். லைசோசைம் 15,000 டால்டனுக்கும் குறைவு. நொய். விழுந்துவிடும். அதுமட்டுமல்ல, வடிகட்டியின் சவ்வில் எதிர்மின் ஏற்றம் இருக்கிறது, ஆல்புமினிலும் அதே ஏற்றம் இருப்பதால் அதை அது தள்ளிவிடுகிறது. லைசோசைமின் ஏற்றம் நேர்மின், அதற்குத் தடை குறைவு.

விழுந்ததெல்லாம் வெளியே போய்விடுவதில்லை. நாள் ஒன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீர் ரத்தத்திலிருந்து வடிகிறது, ஒன்றரை லிட்டர் அளவுதான் சிறுநீராகிறது. வடிகட்டியை அடுத்து இருக்கும் நுண்குழாயின் முதல் பகுதி, தண்ணீரையும் உப்பையும் சர்க்கரையையும் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. வடிந்து வந்த சிறு புரதங்களையும் அங்குள்ள செல்கள் விழுங்கி, உள்ளேயே அறுத்து அமினோ அமிலமாக்கி ரத்தத்துக்குத் திருப்பிக் கொடுக்கின்றன. உடல்நலம் உள்ள ஒருவரின் ரத்தத்திலிருந்து லைசோசைம் நீங்குவது பெரும்பாலும் இந்த வழியில்தான். நொதி அப்படியே முழுதாகச் சிறுநீரில் தென்படுவதே இல்லை என்று சொல்லிவிடலாம். புற்று அணுக்கள் அதை அளவில்லாமல் கொட்டும்போது அந்தச் செல்களால் விழுங்கித் தீர்க்க முடிவதில்லை. மிச்சம் சிறுநீரில் வழிகிறது. விழுங்கியது செல்லையே கெடுக்கிறது. கெட்ட செல் சர்க்கரையைப் பிடித்து வைப்பதில்லை, பாஸ்பேட்டை விட்டுவிடுகிறது, பொட்டாசியமும் மக்னீசியமும் கைநழுவுகின்றன. அண்ணனின் படியேற்றச் சிரமத்துக்குச் சோகை ஒரு காரணம், இந்த ஒழுகல் இன்னொரு காரணம்.

"அப்படியானால் கிட்னி கெட்டுப்போய்விட்டதா?" என்றார் அண்ணி. சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் சரியான அளவில்தான் இருந்தது. வடிகட்டி வேலை செய்கிறது, அடுத்த குழாய்தான் திணறுகிறது. கிரியேட்டினின் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டுக் கிட்னி நன்றாக இருக்கிறது என்று எழுந்து போய்விடக் கூடாது என்பதை அன்று கற்றோம். இன்னொன்றும் இதில் உண்டு. கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. மாதக்கணக்கில் படுத்து உடம்பு வற்றிப்போனவர்களுக்கு அது தானாகவே குறைந்து காட்டும். எண் அழகாக இருக்கிறதே என்று மெலிந்தவர் விஷயத்தில் நிம்மதி கொள்ள முடியாது.

லைசோசைமைத் தனியாக அளக்கவில்லை. நோயின் வகையை உறுதி செய்ய, அணுக்களை இனம் பிரித்துக் காட்டும் ஃப்ளோ சைட்டோமெட்ரி சோதனை போதுமானதாக இருந்தது. அளந்தாலும் அதைத் தனித்துப் படிக்க முடியாதாம். வடிகட்டியே பழுதாகியிருப்பவர்களுக்கு, வெளியேற வழியில்லாமல் ரத்தத்தில் லைசோசைம் தேங்கி உயர்ந்து காட்டும். ரத்தம், சிறுநீர், கிரியேட்டினின் மூன்றையும் சேர்த்து வைத்துத்தான் முடிவு சொல்ல வேண்டும்.

வார்டில் எல்லோரையும் மிரட்டிய இன்னொரு நொதி உண்டு. எல்.டி.ஹெச்., அணுக்கள் உடையும்போது ரத்தத்தில் கலப்பது. அறிக்கையில் அதற்குப் பக்கத்தில்தான் ஆயிரக்கணக்கில் எண் நிற்கும். அடுத்த கட்டிலில் இருந்தவருடைய மகன், நல்ல பிள்ளை, அந்த எண்ணைத் தண்ணீர் குடிக்க வைத்தே இறக்கிவிடலாம் என்று நம்பித் தகப்பனாருக்கு மணிக்கு ஒரு சொம்பு கொடுத்துக்கொண்டிருந்தான். எல்.டி.ஹெச்.சின் எடை சுமார் 1,40,000 டால்டன். ஆல்புமினைப் போல இரண்டு மடங்குக்கு மேல். வடிகட்டியில் அது இறங்காது. அதை ரத்தத்திலிருந்து அகற்றுவது முக்கியமாகக் கல்லீரலிலும் மற்ற இடங்களிலும் உள்ள விழுங்கும் செல்கள்தான். அணுக்கள் செத்து உடைவது குறையும்போது எண்ணும் குறையும், தண்ணீரால் கழுவப்பட்டு அல்ல. ஆனால் ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். தண்ணீர் வேறு காரணத்துக்குத் தேவை, அதற்கு வருகிறேன். அதையும் எவ்வளவு குடிக்கலாம் என்று வார்டில்தான் சொல்ல வேண்டும். இருதயம் பலவீனமானவருக்குச் சொம்புக் கணக்கு ஆபத்து.

குடியாத்தத்திலிருந்து வந்திருந்த ஒரு தாய், தன் சிறுவனுக்கு அஸ்பாரஜினேஸ் ஊசி போடப் போகிறார்கள் என்றும், அதுவும் நொதிதானே, பிள்ளையின் கிட்னியைக் கெடுக்காதா என்றும் என்னிடம் கேட்டார். வாத்தியாரம்மா என்று தெரிந்தால் கேள்விகள் தேடி வந்துவிடும். சிறுவனுக்கு வந்திருந்தது லிம்போபிளாஸ்டிக் என்ற வேறு வகை ரத்தப் புற்றுநோய். அந்த வகைக்கு அஸ்பாரஜினேஸ் முக்கியமான மருந்து. அதன் எடையும் எல்.டி.ஹெச்.சுக்குச் சமமானது, சிறுநீரகம் வழியே போகாது. அதில் அவர்கள் கண்ணும் கருத்துமாகப் பார்ப்பது கணையத்தை, கல்லீரலை, ரத்தம் உறையும் தன்மையை. வயிற்றுவலி என்று பிள்ளை சொன்னால் உடனே நர்ஸிடம் சொல்லுங்கள் என்றேன். அதே சிறுவனுக்குப் பின்னால் அதிக அளவில் மெத்தோட்ரெக்ஸேட் ஏற்றியபோது நிலைமை தலைகீழ். அது சிறு மூலக்கூறு, வெளியேறும் வாசல் சிறுநீரகம்தான். அந்த வாசல் அடைத்தால் மருந்து உடலில் தேங்கிவிடும். அதனால் சலைனும், சிறுநீரை அமிலமாகாமல் காரத்தன்மையோடு வைக்க பைகார்பனேட்டும், ரத்தத்தில் மருந்தின் அளவைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதும். எந்த மருந்து எந்த வழியாக வெளியே போகிறது என்று கேட்டு வைத்துக்கொண்டால் அந்தந்த நாளில் எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்பது தெரிந்துவிடும். மருத்துவர்கள் இதற்குப் பதில் சொல்லச் சலித்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.

இனி இளநீர். இந்தக் கதையில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான்.

பொட்டாசியம் குறைவு என்று தெரிந்ததும் உறவினர்கள் இளநீரோடு வர ஆரம்பித்தார்கள். வாழைப்பழம், வாழைத்தண்டுச் சாறு, சாத்துக்குடி. வாழைத்தண்டு கிட்னிக்கு நல்லது என்பது நம் ஊரில் யாரும் விவாதிக்காத சங்கதி. முதல் சில நாள்கள் மருத்துவர்களே பொட்டாசியத்தை நரம்பில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஏற்றும் கை எரிகிறது என்று அண்ணன் முனகுவார். எரிந்தாலும் அதை வேகமாக விட முடியாது, மெதுவாகத்தான் விட வேண்டும், வேகமாகப் போனால் இருதயத் துடிப்பு தடுமாறும். வாய்வழிக்கு ஒரு சிரப், அதன் ருசியைப் பற்றி அவர் சொன்ன சொற்களை அச்சில் போட முடியாது. இந்த நிலையில் இளநீர் மருந்து என்றே தோன்றும்.

பிறகு கீமோ தொடங்கியது. சைட்டராபின் ஏழு நாள், டானோரூபிசின் மூன்று நாள் என்பது இந்த நோய்க்கு நெடுநாளாக நடைமுறையில் உள்ள முறை. மருந்து பட்டதும் கோடிக்கணக்கான அணுக்கள் மொத்தமாக உடைகின்றன. அணுவுக்குள் இருந்த பொட்டாசியம், பாஸ்பேட், யூரிக் அமிலமாக மாறும் பொருள்கள் எல்லாம் ஒரே நேரத்தில் ரத்தத்தில் கொட்டுகின்றன. நேற்றுவரை குறைவாக இருந்த பொட்டாசியம் இன்று மாலை எல்லையைத் தாண்டலாம். ஏற்கெனவே திணறிக்கொண்டிருந்த குழாய்களில் யூரிக் அமிலப் படிகம் அடைத்தால் சிறுநீரே நின்றுபோகலாம். இதற்குத்தான் கீமோவுக்கு முன்பே சலைனும், யூரிக் அமிலம் உண்டாவதைக் குறைக்கும் அலோபியூரினால் மாத்திரையும் ஆரம்பித்துவிட்டார்கள். பொட்டாசியம் பாட்டில் கழற்றப்பட்டது. சிரப்பும் நிறுத்தப்பட்டது. அந்த மாலையிலும் ஒரு சித்தப்பா போளூரிலிருந்து இளநீர்க் குலையோடு வந்து நின்றார். "நேற்று கொடுத்தீர்களே, இன்று ஏன் கூடாது?" என்று அவர் கேட்டது நியாயமான கேள்வியாகவே எனக்குப் பட்டது. நோயாளி அதே ஆள், இளநீரும் அதே இளநீர், மாறியது ரத்தத்தின் நிலை. கோபித்துக்கொள்ளாமல் குலையை விடுதிக்கு எடுத்துப்போய் நாங்கள் குடித்தோம். நல்ல இளநீர்.

பொட்டாசியம் உள்ள உணவு எதுவானாலும் அன்றைய அறிக்கையைப் பார்த்த பிறகே. இதைக் கட்டிலின் தலைமாட்டில் தமிழில் எழுதி ஒட்டினேன். வெள்ளணு முற்றிலும் விழுந்த பிறகு தெருவில் சீவிய இளநீர் இன்னொரு காரணத்தாலும் கூடாது, கிருமி. அது தனிக் கதை.

யூரிக் அமிலம் ஏறியபோது ராஸ்புரிகேஸ் ஒரு தவணை போட்டார்கள். இதுவும் நொதிதான். யூரிக் அமிலத்தை எளிதில் கரையும் அலன்டாயினாக மாற்றிவிடுகிறது. பெரும்பாலான பாலூட்டிகளின் உடலில் இந்த வேலைக்கு ஒரு நொதி இயல்பாகவே உண்டு, மனிதன் பரிணாமத்தில் அதை இழந்துவிட்டான். ஒரு நொதியால் நொந்த சிறுநீரகத்தை இன்னொரு நொதி வந்து காத்தது எனக்குப் பிடித்திருந்தது. அதைப் போடுவதற்கு முன், சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பி.டி. என்ற நொதியில் குறைபாடு இருக்கிறதா என்று பார்ப்பார்கள், இருந்தால் சிவப்பணுக்கள் உடைந்துவிடும். போட்ட பிறகு யூரிக் அமிலம் பார்க்க எடுக்கும் ரத்தத்தைப் பனிக்கட்டியில் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். இல்லையென்றால் குழாய்க்குள்ளும் நொதி தன் வேலையைத் தொடர்ந்து, இல்லாத நல்ல செய்தியைச் சொல்லும். சில நேரம் உடனிருப்பவர் கையில்தான் குழாய் கொடுத்தனுப்பப்படுகிறது. பனிக்கட்டி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நடந்தால் போதும்.

டானோரூபிசின் சிவப்பு மருந்து. அது ஏறிய அன்றும் மறுநாளும் சிறுநீர் சிவப்பாகப் போகும். ரத்தம் என்று அலறியடித்து ஓடும் குடும்பங்களை நான் பார்த்தேன். முன்கூட்டியே சொல்லி வைத்தால் ஒரு இரவுத் தூக்கம் மிச்சம். இரண்டு நாளுக்கு மேலும் சிவப்பு நின்றால் அப்போது சொல்ல வேண்டும்.

சிறுநீரை அளப்பதில் அண்ணனுக்குத்தான் பெரிய சங்கடம். பத்துப் பேருக்குச் சம்பளம் கொடுத்த மனிதர், தங்கை வந்து குவளையைத் தூக்கிப் பார்ப்பதா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒரு ஏற்பாடு செய்தோம். அவரே அளவுக் குவளையில் பிடித்து, கோட்டைப் பார்த்து, திரைக்குப் பின்னாலிருந்து எண்ணை மட்டும் சொல்வார். நான் எழுதுவேன். பிறகு அதில் அவருக்கே அக்கறை வந்துவிட்டது. உள்ளே போனது ஒரு பக்கம், வெளியே வந்தது ஒரு பக்கம், பேரேடு எழுதுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. கஞ்சி, மோர், மாத்திரைக்குக் குடித்த தண்ணீர், சலைன், எல்லாம் ஏறும். வாந்தியும் வெளிப்பக்கத்தில் ஏறும், இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். காலையில் ஒரே தராசில் ஒரே நேரத்தில் எடை. ஒரு பிற்பகலில் வெளிப்பக்கம் மெலிந்துகொண்டே போனதை நர்ஸுக்கு முன்பு அவர்தான் கவனித்தார். சலைன் ஊசி இடம் விலகிக் கை வீங்கியிருந்தது, உள்ளே போனதாக எழுதிய நீர் நரம்புக்குப் போகவே இல்லை.

வெள்ளணு விழுந்த வாரங்களில் காய்ச்சல் வந்தது. பூஞ்சைத் தொற்று சந்தேகத்தில் ஆம்ஃபோடெரிசின் கொடுத்தார்கள். பொட்டாசியம் மறுபடி சரிந்தது. புற்று திரும்பிவிட்டதோ என்று அண்ணி அழுதார். இல்லை, இம்முறை காரணம் மருந்து. ஆம்ஃபோடெரிசின் சிறுநீரகக் குழாயின் கடைப்பகுதியைத் தாக்கிப் பொட்டாசியத்தையும் மக்னீசியத்தையும் ஒழுக விடுகிறது. மக்னீசியத்தைச் சரி செய்யாமல் பொட்டாசியத்தை எவ்வளவு ஏற்றினாலும் நிற்காது. பொட்டாசியம் ஏறவே மாட்டேன் என்றால் மக்னீசியம் பார்த்தீர்களா என்று கேட்கலாம்.

வீட்டு மருந்து விஷயத்தில் நான் கறாராக இருந்தேன், அதற்காகக் கெட்ட பெயரும் எடுத்தேன். நெருஞ்சில் கஷாயம், சிறுபீளைக் கஷாயம், யாரோ கொடுத்த பஸ்பம், எதுவும் உள்ளே வரவில்லை. சாதாரண நாளில் நானே நெருஞ்சில் குடிப்பவள்தான். ஆனால் குழாய் புண்ணாகியிருக்கும் சிறுநீரகத்தில், அளவு தெரியாத ஒன்றை மருத்துவருக்குத் தெரியாமல் விடுவதற்கு எனக்குத் துணிவில்லை. உடல்வலிக்கு மருந்துக்கடையில் வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்றவை இன்னும் மோசம். சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கின்றன, தட்டணுவின் வேலையையும் கெடுக்கின்றன. ஸ்கேனுக்குச் சாய ஊசி போடும் முன் கடைசிக் கிரியேட்டினின் தாளை நீட்டிவிட வேண்டும்.

அடுத்த கட்டச் சிகிச்சையில் சைட்டராபினை அதிக அளவில் கொடுத்தபோது நர்ஸ் தினமும் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துப் போடச் சொன்னார். ஏதோ சம்மதப் பத்திரம் என்று நினைத்து அண்ணன் ஒவ்வொரு முறையும் படிக்கத் தேடினார், தாள் வெற்றுத் தாள். சிறுநீரகம் சற்றுத் தளர்ந்திருந்தாலும் இந்த மருந்து சிறுமூளையைப் பாதிக்கும் அபாயம் கூடுகிறது. நடை தள்ளாடும், பேச்சு குழறும், எழுத்து கோணும். கையெழுத்து மாறுகிறதா என்று பார்ப்பதற்குத்தான் அந்தத் தாள். ஆலை ரசீதில் போடும் அதே வளைவும் அடிக்கோடும் கடைசி நாள்வரை மாறவில்லை.

இந்த ஊருக்கும் சிறுநீரகத்துக்கும் பழைய தொடர்பு உண்டு. இந்தியாவில் வெற்றிகரமாக நடந்த முதல் சிறுநீரக மாற்று 1971இல் வேலூர் சி.எம்.சி.யில்தான் நடந்தது. அதனாலோ என்னவோ, இங்கே ஆட்டோ ஓட்டுபவர்கூட கிரியேட்டினின் என்ற சொல்லைத் தடுக்காமல் சொல்கிறார். ஆனால் லைசோசைம் என்று நான் சொன்னால், படித்தவர்களும் அது எந்த மாத்திரை என்றுதான் கேட்கிறார்கள்.

முதல் கட்டச் சிகிச்சை முடிந்து எலும்பு மஜ்ஜையில் புற்று அணுக்கள் கட்டுக்குள் வந்துவிட்டதாகச் சொன்னார்கள். ஆம்ஃபோடெரிசினும் நின்றது. கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுநீரில் சர்க்கரை மறைந்தது, அமிலச் சோதனையில் கலங்கல் இல்லை, சிரப் இல்லாமலே பொட்டாசியம் 4ஐத் தொட்டு நின்றது. நொதியைக் கொட்டிக்கொண்டிருந்த அணுக்கள் போனதும் குழாய்ச் செல்கள் தம்மைச் சரிசெய்துகொண்டன. எல்லோருக்கும் இவ்வளவு நன்றாகத் திரும்புவதில்லை என்றும் மருத்துவர் சொன்னார்.

இப்போது அண்ணன் ஆரணியிலிருந்து மறுபரிசோதனைக்கு வந்து போகிறார். கோப்பின் முதல் பக்கத்தில் பொட்டாசியம், மக்னீசியம், பாஸ்பேட், கிரியேட்டினின், எடை ஆகிய ஐந்தையும் தேதி வாரியாக ஒரே தாளில் எழுதி வைத்திருக்கிறோம். ஊரில் வேறு எந்த மருத்துவரிடம் போனாலும் அந்தத் தாள் முதலில் போகிறது. ஈறு மறுபடி வீங்கினாலோ, காரணமில்லாமல் கால் தளர்ந்தாலோ, முன்பதிவு தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே வந்துவிடச் சொல்லியிருக்கிறார்கள். ரத்தத்தை மட்டும் ஆரணியில் கொடுத்து அனுப்பாமல், வேலூரிலேயே வந்து கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள்.